நாளைக்கு இரண்டு பக்கம்: எஸ்.இ. ஹின்டனின் எழுத்து வாழ்க்கை

அமெரிக்க நாவலாசிரியர் எஸ்.இ. ஹின்டனைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியிலேயே அவருடைய வயது வந்துவிடும். பதினைந்தில் எழுத ஆரம்பித்தார், பதினெட்டில் ‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற முதல் புத்தகம் வெளியானது, அமெரிக்காவில் இளையோர் நாவல் என்ற வகையே அங்கிருந்துதான் தொடங்கியது. கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் மிகை என்று வைத்துக்கொள்ளலாம். மோரீன் டேலி 1942லேயே பதின்வயதுப் பெண்ணின் காதலை நாவலாக எழுதிவிட்டார். மற்றபடி தகவல்கள் சரி. ஆனால் வயதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கையெழுத்துப்படி எப்படி நாவலானது, யார் வாங்கியதால் அது அறுபது வருடமாக அச்சில் இருக்கிறது, முதல் வெற்றிக்குப் பிறகு அவரால் ஏன் ஒரு கடிதம்கூட எழுத முடியாமல் போனது என்பதெல்லாம் கண்ணில் படாது. இளையோருக்கு எழுதிப் பிழைக்கலாமா என்று யோசிப்பவருக்கு உபயோகமானது அந்தப் பகுதிதான்.

சூசன் எலோயிஸ் ஹின்டன் 1948 ஜூலை 22 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தார். படித்தது அங்கே வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில். பள்ளியில் இரண்டு கூட்டம் இருந்தது. தலையில் எண்ணெய் தடவி வாரிய ஏழை வீட்டுப் பையன்கள் ‘கிரீஸர்’. காரும் நல்ல சட்டையுமாகத் திரியும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் ‘சோஷ்’. சினிமா பார்த்துவிட்டு நடந்து வந்த நண்பன் ஒருவனை எதிர்க் கூட்டம் அடித்துப் போட்டது. அந்தக் கோபத்தில் எழுதத் தொடங்கியதுதான் ‘தி அவுட்சைடர்ஸ்’. பெரும்பகுதியைப் பதினாறாவது வயதில் எழுதினார். அந்தக் கல்வியாண்டில்தான் அவருடைய அப்பா மூளைக் கட்டியால் இறந்துபோனார். படைப்பெழுத்துப் பாடத்தில் ‘டி’ கிரேடு வாங்கியதும் அப்போதுதான். நாவல் எழுதிக்கொண்டிருந்ததால் வகுப்பு வேலையைக் கவனிக்கவில்லை.

அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விஷயத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. அவுட்சைடர்ஸ் அவர் எழுதிய மூன்றாவது நாவல். பிரசுரத்துக்கு அனுப்பியதில்தான் அது முதல். தொடக்கப் பள்ளிக் காலத்திலிருந்தே குதிரைகளையும் கௌபாய்களையும் வைத்து எழுதித் தள்ளியிருக்கிறார். பதினைந்து வயது என்றாலும் கையில் பல வருடப் பயிற்சி இருந்தது.

முதல் வரைவு தட்டச்சில் நாற்பது பக்கம், வரிகளுக்கு நடுவே இடைவெளி விடாமல். அப்படித் தட்டிய பக்கத்தில் ஏறக்குறைய 500 சொல் பிடிக்கும், நெருக்கி அடித்தால் இன்னும் கொஞ்சம். ஆக மொத்தம் இருபதாயிரத்தை ஒட்டி இருந்திருக்கும். அச்சான புத்தகம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும், பன்னிரண்டு அத்தியாயம், சுமார் 180 பக்கம். பாதிக்கு மேல் திருத்தி எழுதும்போது சேர்ந்தது என்று அர்த்தம். இதற்கு நேர்மாறாக நடப்பதுதான் வழக்கம். முதல் நாவல் எழுதுகிறவர்கள் ஒன்றரை லட்சம் சொல் எழுதிவிட்டு வெட்ட முடியாமல் திண்டாடுவார்கள். ஹின்டன் முதலில் சம்பவங்களை மட்டும் விறுவிறுவென்று எழுதி முடித்தார். யார், எங்கே, எப்படி இருப்பான், என்ன உடுத்துவான் என்பதையெல்லாம் அடுத்தடுத்த வரைவுகளில் சேர்த்தார். கதை இறுதிவரை போய்ச் சேர்கிறதா என்பது சீக்கிரம் தெரிந்துவிடும் என்பது இந்த முறையின் லாபம். சேர்த்த இடம் தையல் போலத் தெரியும் என்பது நஷ்டம்.

அந்தத் தையலை முதல் அத்தியாயத்திலேயே பார்க்கலாம். போனிபாய் கர்டிஸ், வயது பதினான்கு, சினிமாக் கொட்டகை இருட்டிலிருந்து வெயிலுக்கு வருகிறான். தனியாக நடக்கிறான். ஒரு சிவப்பு கார்வேர் கார் பின்தொடர்கிறது. இறங்கியவர்கள் அவனைக் கீழே தள்ளிக் கழுத்தில் கத்தியை வைக்கிறார்கள். அண்ணன்களும் சிநேகிதர்களும் ஓடிவந்து காப்பாற்றுகிறார்கள். அந்த வேகத்தில் கதை சட்டென்று நிற்கிறது. ஸ்டீவ், டூ-பிட், டாலி, ஜானி என்று ஒவ்வொருவனாக வரிசையில் நிறுத்தி, முடி எப்படி, கண் என்ன நிறம், எதற்கு உள்ளே போய் வந்தான் என்று போனிபாய் விவரிக்க ஆரம்பித்துவிடுகிறான். எந்தப் பயிலரங்கிலும் இதைச் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள். ஆனாலும் வாசிக்கும் பையன் அதைத் தாண்டிப் போவதில்லை, ஏனென்றால் பதினான்கு வயதுப் பையன் தன் சிநேகிதர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அப்படித்தான் சொல்வான். குறையாக இருக்க வேண்டியது சொல்பவனின் குணமாகிவிட்டது. இளையோர் நாவலில் தன்மை நடையின் பலம் இது. ஆசிரியரின் கைத்தவறைக் கதைசொல்லியின் வயது தாங்கிக்கொள்ளும். முப்பது வயதுக்காரன் கதைசொல்லியாக இருந்தால் தாங்காது.

அடுத்து, பெரியவர்களை எப்படி அப்புறப்படுத்துவது என்ற கேள்வி. இந்த வகை எழுதுகிற ஒவ்வொருவரும் இங்கே முட்டிக்கொள்வார்கள். பொறுப்பான அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருந்தால் பையனுக்கு ஆபத்து வராது, ஆபத்து வராவிட்டால் கதை நகராது. சுலபமான வழி அவர்களைக் கொன்றுவிடுவது. ஹின்டனும் கார் விபத்தில் கொன்றுதான் விடுகிறார். ஆனால் அதற்கு விலை வைக்கிறார். இருபது வயது டேரி தம்பிகளுக்குக் காவலன். ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் அரசு பிள்ளைகளைப் பிரித்து விடுதிக்கு அனுப்பிவிடும். அதனால் ஒவ்வொரு அடிதடியும் வெறும் அடிதடியாக இல்லாமல் குடும்பம் கலையும் பயத்தோடு சேர்ந்து வருகிறது. பெற்றோரை இல்லாமல் செய்துவிட்டு அதன் விளைவைப் பேச மறந்துவிடும் கையெழுத்துப்படிகள்தான் எடிட்டர் மேஜையிலிருந்து அதிகம் திரும்பி வருகின்றன.

வட்டார வழக்கை அவர் கொஞ்சமாகத்தான் தெளித்திருக்கிறார். கடுமையான கெட்ட வார்த்தை கிடையாது, படுக்கைக் காட்சி கிடையாது. கத்திக்குத்து, தீ விபத்து, போலீஸ் துப்பாக்கிச் சூடு எல்லாம் உண்டு. அந்தக் கணக்கு எந்த அளவுக்கு யோசித்துப் போட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் பின்னால் பள்ளிக்கூட வாசல் திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய பதின்வயதுப் பேச்சை அப்படியே இறக்கி எழுதும் நாவல்கள் அச்சுக்குப் போய் வருவதற்குள்ளேயே பழசாகிவிடுகின்றன. கையெழுத்துப்படி விற்று, புத்தகம் கடைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதற்குள் பிள்ளைகள் வேறு சொல்லுக்குப் போயிருப்பார்கள்.

இனி விற்ற கதை. சிநேகிதி ஒருத்தியின் அம்மா குழந்தைகளுக்கான புத்தகங்கள் எழுதுபவர். அவர் கையெழுத்துப்படியைப் படித்துவிட்டு, எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசி விற்றுத்தரும் ஏஜென்ட் ஒருவரின் பெயர் கொடுத்தார். நியூயார்க்கில் கர்டிஸ் பிரவுன் நிறுவனத்தில் இருந்த மர்லின் மார்லோதான் அந்த ஏஜென்ட். வைகிங் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. பள்ளிப் படிப்பு முடிந்து பட்டமளிப்பு விழா நடந்த அன்று ஒப்பந்தம் தபாலில் வந்து சேர்ந்தது. வருடம் 1966, வயது பதினேழு. (பதினெட்டு முடியாதவர் போடும் ஒப்பந்தத்தை அவரே பிற்பாடு ரத்து செய்துகொள்ள முடியும் என்பதால், இப்படிப்பட்ட நேரத்தில் பதிப்பகங்கள் பெற்றோர் கையெழுத்தையும் கேட்பது வழக்கம்.) புத்தகம் வெளியானது 1967 ஏப்ரல் 24. நடுவில் ஓடிய காலத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கக்கூடாது. எடிட்டரின் திருத்தம், அதற்குப் பதில் திருத்தம், மொழித் திருத்தம், மெய்ப்பு, அட்டை, பருவ அட்டவணையில் இடம், விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி அனுப்புதல் என்று வரிசையாக நடக்க வேண்டும். அமெரிக்காவில் நூலகங்களுக்கு வாங்குபவர்கள் விமர்சனம் பார்த்துத்தான் வாங்குவார்கள். விமர்சனம் வெளியீட்டு நாளுக்கு முன்பே அச்சாகாவிட்டால் முதல் பருவக் கொள்முதல் போய்விடும்.

பெயரில் சூசன் போய் எஸ்.இ. வந்தது பதிப்பகத்தின் யோசனை. தெருச்சண்டை நாவலை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தார்கள். பயம் நியாயமானதுதான். ஹின்டன் அதைப் பெரிய தியாகமாகப் பேசுவதும் இல்லை. வெளியே எஸ்.இ., வீட்டில் சூசி என்று இரண்டு பெயர் இருப்பது தனிமையைக் காப்பாற்ற வசதியாக இருந்தது. ஆனால் பிள்ளைகள் எழுதிய வாசகர் கடிதங்கள் பல வருடம் ‘திரு. ஹின்டன் அவர்களுக்கு’ என்றே வந்தன.

புத்தகம் வந்ததும் பற்றிக்கொண்டது என்று நினைத்தால் தவறு. மருந்துக்கடை ரேக்குகளில், பெரியவர்களுக்கான மலிவுப் பதிப்புகளோடு கலந்து வைத்தபோது பெரிதாக நகரவில்லை. பிறகு பதிப்பகத்தார் விற்பனைக் கணக்கில் ஒன்றைக் கவனித்தார்கள். சில ஊர்களிலிருந்து மட்டும் மொத்தமாக ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. ஆசிரியர்கள் வகுப்புக்கு வாங்குகிறார்கள். கடை அலமாரியில் இல்லாத ஒரு வாசகர் கூட்டம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கூட்டத்துக்கென்று தனியாக விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நூலகங்களில் இளையோர் பிரிவு ஏற்கெனவே இருந்தது. நூலகச் சங்கம் 1957லேயே அதற்குத் தனிக் கிளை தொடங்கியிருந்தது. அலமாரி இருந்தது, நூலகர் இருந்தார், அதில் வைக்க இந்த மாதிரிப் புத்தகம்தான் போதவில்லை.

ஆசிரியர்கள் ஏன் இதைத் தூக்கிக்கொண்டார்கள்? பாடம் நடத்திப் பார்த்தவர்களுக்கு விடை சுலபம். 180 பக்கம், வாரத்துக்கு மூன்று அத்தியாயம் என்றால் நான்கு வாரத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டு அத்தியாயமும் ஏறக்குறைய ஒரே பிரச்சினையைச் சுற்றி, இரண்டு வாரக் கதைக்குள் நிற்கின்றன. வாசிக்கவே மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளும் பையன்கள் முதல் அத்தியாயத்துக் கத்தியைப் பார்த்ததும் உள்ளே வந்துவிடுகிறார்கள். நடுவில், ஜானியும் போனிபாயும் ஒளிந்திருக்கும் பாழடைந்த சர்ச் வாசலில், விடிகாலையில் ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் எட்டு வரிக் கவிதை ஒன்று வருகிறது. கவிதை வகுப்பு தானாக அமைந்துவிட்டது. கடைசியில் ஆங்கில ஆசிரியர் போனிபாயிடம், நல்ல கட்டுரை ஒன்று எழுதிக் கொடுத்தால் தேர்ச்சி போடுகிறேன் என்கிறார். அவன் எழுதும் கட்டுரையின் முதல் வரிதான் நாவலின் முதல் வரி. வீட்டுப்பாடத்தில் முடியும் நாவலை எந்த ஆசிரியர் வேண்டாம் என்பார்!

அந்தக் கவிதை விஷயத்தில் எழுதுபவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 1923ல் வெளியான கவிதை அது. அமெரிக்காவில் பொதுவுடைமையானது 2019 ஜனவரி 1 அன்றுதான். ஹின்டன் எழுதிய நாளில் காப்புரிமை உயிரோடு இருந்தது. இப்போதும் நாவலுக்குள் கவிதையோ பாட்டு வரியோ வைத்தால் உரிமைதாரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதும், பெரும்பாலும் அதற்குப் பணம் கட்டுவதும் எழுத்தாளர் தலையில்தான் விழும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கும். சினிமாப் பாட்டு இரண்டு வரி என்றால்கூட, பதிப்பகம் ராயல்டியில் கழித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே தரும் முன்பணத்தில் நல்ல துண்டு போய்விடும். எட்டு வரிக் கவிதையில் எட்டு வரியையும் எடுப்பது ‘சிறு மேற்கோள்’ என்ற கணக்கில் வராது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஹின்டனின் வாழ்க்கை பழைய புத்தகத்தின் வருமானத்தில் ஓடிய வாழ்க்கை. அமெரிக்க இளையோர் நூல் ஒப்பந்தங்களில் கெட்டி அட்டைப் பதிப்புக்கு 10 சதவீதத்தில் தொடங்கும் ராயல்டி, பேப்பர்பேக்குக்கு 6 முதல் 8 வரை இருப்பது வழக்கம். பத்து டாலர் பேப்பர்பேக்குக்கு 6 சதவீதம் என்றால் அறுபது சென்ட். ஏஜென்டுக்கு அதில் 15 சதவீதம், ஒன்பது சென்ட். கையில் நிற்பது ஐம்பத்தொரு சென்ட். வருடம் பத்தாயிரம் பிரதி போனால் 5,100 டாலர், வரிக்கு முன். அதை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது. ஆனால் அதே புத்தகம் ஒவ்வொரு வருடமும் பல லட்சம் பிரதி போனால் வேறு கதை. அவுட்சைடர்ஸ் இதுவரை ஒன்றரைக் கோடிப் பிரதிகளை ஒட்டி விற்றிருக்கிறது. அதில் பெரும்பகுதி வகுப்பறைப் பிரதிகள். முப்பது பேர் வகுப்புக்கு முப்பது பேப்பர்பேக், மூன்று நான்கு வருடத்தில் முதுகு கிழியும், மறுபடி ஆர்டர். டெல் நிறுவனத்தின் லாரல்-லீஃப் மலிவுப் பதிப்பு இதற்காகவே செய்த புத்தகம்.

இந்தச் சந்தையில் எழுத்தாளர் ஏமாறக்கூடிய இடமும் உண்டு. பள்ளிக்கும் புத்தகக் கிளப்புக்கும் பதிப்பகம் மிக அதிகத் தள்ளுபடியில் விற்கும். தள்ளுபடி ஒரு வரம்பைத் தாண்டினால், ராயல்டி அட்டை விலையில் கணக்கிடாமல் பதிப்பகத்துக்கு வந்து சேர்ந்த தொகையில் கணக்கிடப்படும், அல்லது பாதியாகும். ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் இருக்கும் அந்த ஒரு பத்தியை யாரும் படிப்பதில்லை. பொது நாவலாசிரியருக்கு அது சில்லறை. பள்ளியை நம்பி எழுதுபவருக்கு அதுதான் மொத்த வருமானமே. இன்னொன்று, முன்பணம் கழிந்த பிறகும் கடைகள் திருப்பி அனுப்பக்கூடிய பிரதிகளுக்காகப் பதிப்பகம் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கும். எத்தனை சதவீதம், எத்தனை அரையாண்டுக் கணக்குவரை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

1967 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ புத்தகப் பகுதியில் ஹின்டன் ஒரு கட்டுரை எழுதினார். பதின்வயதினர் படிக்கக் கிடைப்பதெல்லாம் குதிரை, கால்பந்து, பள்ளி நடன விருந்துக்கு யார் அழைப்பார்கள் என்ற கவலை, இவற்றுக்குள் எங்கள் வாழ்க்கை இல்லை என்பது சாரம். தைரியமான கட்டுரை. அதை எழுதிய கையால் அதற்கப்புறம் எதையும் எழுத முடியவில்லை.

காரணம் விநோதமானதல்ல. டல்சா பல்கலைக்கழகத்தில் படிக்கிறார், நல்ல எழுத்தாளர்களைப் படிக்கிறார், தன் முதல் புத்தகத்தில் இருக்கும் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அதே சமயம் வெளியே எல்லோரும் அடுத்தது எப்போது என்று கேட்கிறார்கள். தெரியாமல் எழுதியபோது வந்தது, தெரிந்த பிறகு வர மறுத்தது. தட்டச்சுப் பொறியில் கடிதம்கூட அடிக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். முதல் புத்தகம் சின்ன வயதிலேயே வெளியாகிறவர்களுக்கு இது ஏறக்குறைய நிச்சயமாக வரும். ரசனை திறமையைவிட வேகமாக வளர்ந்துவிடும், இரண்டுக்கும் நடுவில் சில வருடம் எழுதுவதெல்லாம் குப்பையாகத் தெரியும்.

கூடப் படித்த டேவிட் இன்ஹோஃப் அப்போது காதலர், பிறகு கணவர். முதலாண்டு உயிரியல் வகுப்பில் பழக்கம். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். நாளைக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சாயங்காலம் வெளியே கூட்டிப் போக மாட்டார். பக்கம் நன்றாக இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை, இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அங்கேதான். எழுத முடியாமல் தவிக்கிறவரிடம் தரத்தைக் கேட்டால் இன்னும் உறைந்துபோவார். அளவை மட்டும் கேட்டால் கை நகரும்.

இரண்டு பக்கம் என்பது நல்ல அளவு. வரி இடைவெளி விட்டுத் தட்டினால் பக்கத்துக்கு 250 சொல், நாளைக்கு 500. மூன்று மாதத்தில் 45,000. ஒரு இளையோர் நாவலின் முழு நீளம் அது. இன்றைக்கு இந்த வகையில் 50,000 முதல் 80,000 சொல் வரை எதிர்பார்க்கிறார்கள், அதனால் ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பக்கம் என்று இலக்கு வைத்தால் பத்தாம் நாள் தவறும், தவறிய குற்றவுணர்ச்சியில் பதினோராம் நாளும் போகும். அரைப் பக்கம் என்று வைத்தால் காட்சிக்குள் போவதற்குள் முடிந்துவிடும். இரண்டு பக்கத்தில் ஒரு காட்சியின் பாதி அடங்கும், மறுநாள் எங்கே தொடங்குவது என்ற கேள்வியும் வராது.

அப்படி வந்ததுதான் ‘தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்’, 1971. பிரையன், மார்க் என்று அண்ணன் தம்பி போல வளர்ந்த இருவர். மார்க் போதைப்பொருள் விற்பது தெரிந்ததும் பிரையன் போலீசைக் கூப்பிடுகிறான். சரியாகச் செய்தானா என்று புத்தகம் சொல்லாது. சொல் சொல்லாகச் செதுக்கிய நாவல் இது, வடிவத்தில் அவுட்சைடர்ஸைவிட உறுதி. ஆனால் மனசைப் பிடிப்பது முதல் புத்தகம்தான். நாளைக்கு இரண்டு பக்கம் கட்டுக்கோப்பைத் தரும். பதினாறு வயதின் ஆவேசத்தைத் திரும்பக் கொண்டுவராது. ஹின்டனுக்கே இது தெரியும். எத்தனை பேர் கேட்டும் அவுட்சைடர்ஸுக்கு இரண்டாம் பாகம் எழுத மறுத்துவிட்டார். போனிபாய் மட்டும் இதில் ஓரமாக வந்துபோகிறான்.

அடுத்தது ‘ரம்பிள் ஃபிஷ்’, 1975. 1968ல் பல்கலைக்கழகத்தின் ‘நிம்ராட்’ இதழில் சிறுகதையாக வந்தது, ஏழு வருடம் கழித்து நாவலானது. கதை சொல்லும் ரஸ்டி-ஜேம்ஸுக்கு அவ்வளவாகப் புத்தி ஓடாது. அவன் அண்ணன், எல்லோரும் மோட்டார் சைக்கிள் பாய் என்று அழைக்கும் அபூர்வப் பிறவி. அண்ணன் பேசுவது தம்பிக்குப் புரியவில்லை, தம்பி சொல்வதை வைத்து நமக்குப் புரிய வேண்டும். தொழில்நுட்ப ரீதியில் ஹின்டன் செய்த மிகக் கஷ்டமான வேலை இதுதான். போனிபாய் புத்தகம் படிக்கிறவன், சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கிறவன், எழுத்தாளர் நினைப்பதை அவன் வாயில் வைக்கலாம். ரஸ்டி-ஜேம்ஸ் வாயில் ஒரு அழகான வாக்கியம் வைத்தாலும் பாத்திரம் உடைந்துவிடும். பள்ளிகளில் இது அவ்வளவாகப் போகவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவும் வழியில்லை, பதிமூன்று வயது வகுப்பில் இதைப் பிரித்துச் சொல்வது சிரமம்தான்.

‘டெக்ஸ்’ 1979. அப்பா ரோடியோ என்னும் முரட்டுக் குதிரையேற்றப் போட்டிகளைச் சுற்றப் போய்விட, இரண்டு அண்ணன் தம்பி கிராமப்புற வீட்டில் தனியாக. பணமில்லாமல் அண்ணன் தம்பியின் குதிரையை விற்றுவிடுகிறான். ‘டேமிங் த ஸ்டார் ரன்னர்’ 1988. இதில் முதன்முறையாகப் படர்க்கை நடைக்கு மாறினார். 1983ல் மகன் பிறந்திருந்தான். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க இன்னொருவனாக மாறி ‘நான்’ என்று எழுதும் அளவுக்கு மனதில் இடம் இல்லை என்பது அவர் கொடுத்த காரணம். எழுத்தாளர்கள் சொல்லும் காரணங்களில் இவ்வளவு நேர்மையானதைக் காண்பது அரிது. நாவல் கொஞ்சம் தள்ளி நின்றே பேசுகிறது, அதுவும் உண்மை.

இருபத்தொரு வருடத்தில் ஐந்து இளையோர் நாவல், அவ்வளவுதான். 1995ல் குழந்தைகளுக்கு இரண்டு, 2004ல் பெரியவர்களுக்கு ‘ஹாக்ஸ் ஹார்பர்’, 2007ல் ஒரு சிறுகதைத் தொகுப்பு. வருடத்துக்கு ஒன்று எழுதாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்று இன்றைய இளையோர் எழுத்தாளர்களைப் பதிப்பகங்கள் விரட்டுகின்றன. நான்கு வருடத்துக்கு ஒன்று எழுதியும் ஹின்டனை மறக்காததற்குக் காரணம் பள்ளி வாங்கிக்கொண்டே இருந்தது, அதற்கு மேல் சினிமா.

சினிமா வந்த வழியும் பள்ளிதான். கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் லோன் ஸ்டார் பள்ளி. 1980ல் அங்கே நூலகர் ஒருவர் பிள்ளைகளின் கையெழுத்துகளோடு திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதினார். இந்தப் புத்தகத்தைப் படமாக எடுங்கள் என்று கோரிக்கை, கூடவே ஒரு பேப்பர்பேக். கொப்போலா எடுத்தார். டல்சாவிலேயே 1982ல் படப்பிடிப்பு, 1983ல் வெளியீடு. அதே ஊரில், அடுத்ததாக, ‘ரம்பிள் ஃபிஷ்’. அதற்குத் திரைக்கதையை ஹின்டனும் கொப்போலாவும் சேர்ந்து எழுதினார்கள், அதுவும் முதல் படத்தின் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து. டிஸ்னி எடுத்த ‘டெக்ஸ்’ 1982லேயே வந்துவிட்டது. நான்காவது படம் 1985ல். தன் படங்களில் சின்ன வேடங்களில் ஹின்டன் தலைகாட்டினார், அவுட்சைடர்ஸில் நர்ஸ்.

பட உரிமையைப் பற்றி ஒரு குறிப்பு. பெரும்பாலும் முதலில் விற்பது உரிமையை அல்ல, ஆப்ஷனை. பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதம் வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதற்கு ஒரு தொகை, முழு விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி. படம் எடுக்காமல் கெடு முடிந்தால் உரிமை திரும்பிவிடும், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நிறைய நாவல்கள் இப்படிப் பலமுறை ஆப்ஷன் ஆகி, படமே ஆகாமல் கிடக்கும். புத்தகத்துக்கு நிஜமான லாபம் படத்தைவிட, பட அட்டை போட்டு மறுபடி அச்சாகும் பேப்பர்பேக்கில்தான். கொப்போலாவின் படத்திலிருந்து வெட்டப்பட்ட இருபத்திரண்டு நிமிடக் காட்சிகள் 2005ல் திரும்பச் சேர்க்கப்பட்டன. நாவலின் தொடக்கமும் முடிவும் படத்தில் இல்லையே என்று வகுப்பில் படித்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எதிர்ப்பும் பள்ளி வழியாகவே வந்தது. பிள்ளைகள் புகை பிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள், கத்தி வைத்திருக்கிறார்கள், எல்லா வீடும் உடைந்த வீடாக இருக்கிறது என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். 1990களில் அமெரிக்க நூலகங்களில் அதிகம் எதிர்க்கப்பட்ட நூறு புத்தகங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. புகார் வந்தால் நூலகர் கையில் இருப்பது விமர்சனங்களும் விருதுகளும்தான். ‘ஸ்கூல் லைப்ரரி ஜர்னல்’, ‘புக்லிஸ்ட்’, ‘ஹார்ன் புக்’ போன்ற இதழ்களில் எந்த வயதுக்கு என்று குறிப்பிட்டு வந்த விமர்சனத்தை எடுத்துக் காட்டி, ஏன் வாங்கினேன் என்று எழுத்தில் பதில் கொடுப்பார். இளையோர் எழுத்தாளர்கள் கடை விற்பனையைவிட இந்த விமர்சனங்களுக்குப் பதறுவது இதனால்தான். 1988ல், இளையோர் இலக்கியத்தில் நீண்ட காலம் நிற்கும் படைப்புக்காகத் தரும் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது தொடங்கப்பட்டது. முதலில் வாங்கியவர் ஹின்டன். கொடுத்தது நூலகர்கள்.

படத்தில் கர்டிஸ் சகோதரர்களின் வீடாக வந்த டல்சா வீடு 2019ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2024ல் பிராட்வேயில் அவுட்சைடர்ஸ் இசை நாடகமாகி, அந்த வருடம் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியது. அதனால் புத்தகம் மறுபடியும் பெரியவர்களின் கடைகளில் முன்வரிசைக்கு வந்திருக்கிறது, அதாவது 1967ல் விற்காமல் கிடந்த அதே வகை அலமாரியில்.

படிக்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் அவுட்சைடர்ஸில்தான் தொடங்குவார்கள், தொடங்கட்டும். எழுத நினைப்பவர்கள் அதற்கு அடுத்தே ‘ரம்பிள் ஃபிஷ்’ எடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, போனிபாய் கவனித்துச் சொல்லும் விஷயங்களில் எவையெல்லாம் ரஸ்டி-ஜேம்ஸ் கண்ணில் படவே இல்லை என்று குறித்துப் பார்த்தால் நடையைப் பற்றி நிறைய விளங்கும். ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு ‘டெக்ஸ்’ஸுக்கு. யாரும் வகுப்பில் பாடமாக வைத்துக் கசக்காத புத்தகம். குதிரையை விற்றுவிட்ட அன்று அண்ணனும் தம்பியும் போடும் சண்டையை அவர் எழுதியிருக்கும் விதத்துக்காகவே வாங்கலாம்.